தழும்பும் குணமும்: அம்மாவின் வலியைப் பற்றிக் கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ நான்கு முறை முடிந்து இன்னும் இரண்டு பாக்கி. வீட்டுக்கு வரும் ஜெபக்குழுவினர், "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வசனத்தைச் சொல்லி, விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கிறார்கள். வடக்கன்குளத்தில் இருக்கும் உங்கள் கத்தோலிக்கச் சித்தி, "இந்த வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க அக்கா, குடும்பத்துக்கு ஆசீர்வாதமாகும்" என்கிறார். கிறிஸ்தவர் அல்லாத உங்கள் நண்பரோ, ஒருத்தர் அடிபட்டால் இன்னொருத்தருக்கு எப்படிக் குணமாகும் என்று கேட்டுவிட்டார். பாடுகள் வழியாக வரும் ஆவிக்குரிய சுகம் என்றால் என்ன என்பதுதான் நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது: அம்மா படுகிற பாடு வீணா, இல்லை அதற்கு ஏதாவது பலன் உண்டா? கடைசி வரியில், அம்மாவின் வாயெல்லாம் புண்ணாக இருக்கிறது, திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் ஐயராக, அதாவது போதகராக, 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் பாதி தேரிக்காட்டுச் சேகரங்களில் (ஒரு ஐயர் கவனிக்கும் சபைகளின் தொகுதிதான் சேகரம்), அப்புறம் பாளையங்கோட்டைப் பக்கம் ஆஸ்பத்திரி நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில். வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனாலும் மருந்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பாக்கி இருக்கிற இரண்டு கீமோவையும் விடக்கூடாது. அப்போஸ்தலன் பவுல், தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகத் தானே எழுதுகிறார். லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறார். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் மிஷனெரிகள் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு அந்த லூக்காவின் பெயரைத்தான் வைத்தார்கள். நம் சீமையில் சபையும் ஆஸ்பத்திரியும் ஒரே காம்பவுண்டுக்குள் வளர்ந்தவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொன்னால், அது நம் திருச்சபையின் பழைய வழக்கம் இல்லை.

இனி அந்த வசனம். அது வரும் ஏசாயா 53-ஆம் அதிகாரம் தனியாக நிற்பதில்லை. கர்த்தருடைய தாசனைப் பற்றிய நான்கு பாடல்கள் அந்தப் புத்தகத்தில் உண்டு, இது நான்காவது. இதைப் படிக்கும்போது அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாவத்தில் கிடக்கிற ஜனத்தை ஒரு நோயாளியின் உடம்பாகத் தீர்க்கதரிசி வர்ணிக்கிறார்: உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலைமட்டும் சுகமே இல்லை, காயமும் வீக்கமும் இரணமும், கட்டுவாரும் இல்லை, எண்ணெய் போடுவாரும் இல்லை. அந்த வரியில் வருகிற ஓர் எபிரெயச் சொல்தான் 53-ஆம் அதிகாரத்தில் தாசனுடைய உடம்பின்மேல் வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் முதலாவது இடத்தில் அது வீக்கம், இரண்டாவது இடத்தில் தழும்பு, அதனால் தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது. ஜனத்தின் உடம்பில் இருந்த அதே காயம் அவர் உடம்புக்கு மாறிப்போகிறது. ஆக, அந்த அதிகாரம் பேசுகிற முதல் நோய் கடவுளை விட்டு விலகிப்போன நோய். அதன் குணமும் முதலில் அந்த உறவு திரும்பக் கூடிவருவதுதான். ஆவிக்குரிய சுகம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மனசுக்கு ஆறுதலாக இருக்கும் ஓர் உணர்ச்சியை மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தாசன் யார் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. யூத மரபில் பெரும்பாலோர் இஸ்ரவேல் ஜனத்தையே தாசனாகப் படிக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி இந்தப் பகுதியை இரதத்தில் வாசித்துக்கொண்டே, தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் கேட்கிறான். கிறிஸ்தவர்கள் அன்று முதல் இயேசு என்று பதில் சொல்லி வருகிறோம். அது நம் விசுவாசம். உங்கள் நண்பரிடம் பேசும்போது அதை விசுவாசம் என்றே சொல்லுங்கள், கணக்குப் போட்டு நிரூபித்த மாதிரி பேச வேண்டாம்.

தழும்பு என்ற வார்த்தையில் கொஞ்சம் நிற்கிறேன். பேதுரு தன் முதல் நிருபத்தில் இதே வசனத்தை எடுத்து எழுதும்போது வரும் கிரேக்கச் சொல்லுக்கு, சாட்டையோ பிரம்போ விழுந்த இடத்தில் தடித்து எழும்பும் கோடு என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அதை வாசிக்கக் கேட்டவர்கள் யார் தெரியுமா? அந்த வசனத்துக்கு ஆறு வசனம் முன்னால் பாருங்கள்: எஜமான்களிடம் அநியாயமாக அடிவாங்கும் வேலைக்காரர்கள், அதாவது அடிமைகள். முதுகில் தடிப்பு இருக்கிறவனிடம், உன் ஆண்டவர் முதுகிலும் அது உண்டு என்று எழுதியிருக்கிறார். கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் ஏசாயா வசனம் "அவர்தம் காயங்களால்" என்று இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்போ தழும்பு என்கிறது. தமிழில் தழும்பு என்றால் ஆறின புண்ணின் அடையாளம். மூலச் சொல்லுக்குக் காயம்தான் பக்கம். இருந்தாலும், உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் கையையும் விலாவையும் காட்டினதை நினைத்தால், பழைய மொழிபெயர்ப்பு ஆட்கள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். குணம் என்பதும் அப்படித்தான். காய்ச்சல் குணமாச்சு என்கிறோம், அவன் குணம் சரியில்லை என்றும் சொல்கிறோம். மொழி ஆராய்ச்சிக்கு இது உதவாது, பிரசங்கத்துக்கு உதவும்.

சரி, ஒருவர் பட்ட அடி இன்னொருவருக்கு எப்படி மருந்தாகும்? திருச்சபை நிசேயாவில் 325-லும் கல்செதோனில் 451-லும் கூடி, கிறிஸ்து யார் என்பதை வரையறுத்தது. அவருடைய பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை எந்தப் பொதுச்சங்கமும் ஒரே விளக்கமாக வரையறுக்கவில்லை. அதனால் பல விளக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஆதிச் சபையார் சாவையும் பிசாசையும் ஜெயித்த வெற்றி என்றார்கள். 1098-வாக்கில் ஆன்செல்ம், கடவுளுக்கு மனிதன் செலுத்த வேண்டியதைச் செலுத்த முடியாதபோது மனிதனாக வந்தவர் செலுத்தினார் என்றார். அவருக்குப் பிறகு வந்த அபெலார்டு, அந்த அன்பைப் பார்த்து நம் நெஞ்சு இளகித் திரும்புகிறது என்பதை அழுத்தினார். நம் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்பது, நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்ற விளக்கம். எனக்கு மனசுக்கு நெருக்கமானது நாலாம் நூற்றாண்டில் நசியான்சு கிரெகோரியார் சொன்னது. அவர் எதைத் தம்மேல் எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே கிடக்கும் என்ற கருத்து அது. பயம், வலி, கைவிடப்பட்ட நிலை, சாவு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ஆகவே அம்மா படுத்திருக்கிற இடம் அவர் போகாத இடம் இல்லை.

இதை என்னைவிட நன்றாக ஒரு அம்மா சொன்னார். லெந்து என்னும் தவக்காலத்தில் ஒரு நாள், தேரிக்காட்டு ஊர் ஒன்றில் வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வசனத்தை விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "எங்க அய்யா நெஞ்சப் பாத்திருந்தீங்கன்னா இம்புட்டு வெளக்க வேண்டாம் ஐயரய்யா" என்றார். அவருடைய தகப்பனார் பனையேறி. ஒரு நாளைக்கு ஒவ்வொரு பனையிலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பனையைக் கட்டிப்பிடித்து ஏறுகிறவனுக்குச் சிராய் உரசி உரசி நெஞ்சிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் தோல் காய்த்துக் கறுத்துவிடும், கணுக்காலில் தளைநார் அழுத்தின தடம் வேறு. "சின்னப்புள்ளையில அந்தக் காய்ப்பத் தடவிப் பாப்பேன், சொரசொரன்னு இருக்கும். அந்தத் தழும்புலதான் நாங்க அஞ்சு பேரும் கஞ்சி குடிச்சோம், நான் டீச்சர் டிரெய்னிங் படிச்சேன்." அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை, ஜெபம் செய்து முடித்துவிட்டோம். உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் உடம்பில் பட்டது இன்னொருத்தருக்கு வாழ்வாவது நம் வீடுகளில் தினமும் நடக்கிறதுதான். ஆனால் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும்: பனையேறி பிள்ளைகளின் பசியைத் தீர்த்தார், அவர்கள் பாவத்தைச் சுமக்கவில்லை. அந்த இடத்துக்கு அப்பால் போக விசுவாசம்தான் வேண்டும்.

ஜெபக்குழுவினரிடம் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏசாயா 53:4-இல் நம் தமிழ் வேதாகமம் பாடுகள், துக்கங்கள் என்று போட்டிருக்கும் சொற்களுக்கு எபிரெயத்தில் நோய், வலி என்றே நேர்ப்பொருள். மத்தேயு 8:17 அதைச் சரீர நோய்களுக்கே எடுத்து வைக்கிறது: பேதுருவின் மாமிக்குக் காய்ச்சல் தீர்ந்த அன்று சாயங்காலம், வந்த நோயாளிகள் எல்லாரும் சொஸ்தமானதைச் சொல்லிவிட்டு, இப்படி அந்த வார்த்தை நிறைவேறிற்று என்கிறது. இதில் கவனிக்க ஒன்று உண்டு: அது சிலுவைக்கு முன்னால் நடந்தது. சிலுவையிலேயே ஒவ்வொரு விசுவாசியின் உடல் சுகமும் வாங்கித் தீர்ந்துவிட்டது, கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்ற போதனை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏ.பி. சிம்ப்சன் போன்றவர்கள் வழியாக வேகம் பிடித்து, பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வந்து, நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல் வரைக்கும் வந்து சேர்ந்தது. நான் இதை இந்த அளவுக்கு ஏற்பதில்லை. சுகம் கிடைத்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டாக்டரே தலையைச் சொறிந்த ஒன்றிரண்டு பேர் உண்டு. அதே ஜெபம், அதே எண்ணெய், அதே கண்ணீர், அப்படியும் அடக்கம் செய்ய நான் போன வீடுகள் அதைவிட அதிகம். ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காதது ஏன் என்பதற்கு வேதத்தில் பதில் இல்லை. பவுலே மூன்று தரம் கேட்டும், முள் என்று அவர் சொன்ன வேதனை எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. ஆகவே சுகமாகவில்லை என்றால் விசுவாசக் குறைவு, வீட்டில் மறைந்த பாவம் என்று யாராவது பேசினால், யோவான் 9-ஐத் திறந்து காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பற்றி, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு தாய் பெண்பிள்ளையைப் பறிகொடுத்து மூன்றாம் நாள், "ஆண்டவர் உங்களைப் புடமிடுகிறார்" என்று சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு நான் அந்தச் சேகரத்தில் இருந்த வரைக்கும் கோவிலுக்கு வரவில்லை. நான் சொன்னது வேதத்தில் இல்லாததா என்றால், இருக்கிறது. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை இருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்தது சித்தி சொன்னது. கத்தோலிக்க மரபில் ஒப்புக்கொடுத்தல் என்பது ஆழமான பழக்கம். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது கொலோசெயர் 1:24, கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதைத் தன் மாம்சத்தில் நிறைவேற்றுவதாகப் பவுல் எழுதுகிற வரி. போப் இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, வேதனையின் மீட்புப் பொருளைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே எழுதினார். கிறிஸ்துவின் பாடு தன்னில் நிறைவானது, அதற்குள் நம் வேதனைக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார் என்பது அதன் சாரம். உங்கள் சித்தியின் ஊரிலேயே 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, சிறைப்பட்டு, வதைபட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயத்தை, 2022-இல் புனிதராக அறிவித்தபோது அவர்கள் கொண்டாடியதும் இந்தப் பங்கைத்தான். எங்கள் பக்கத்தில் எபிரெயர் நிருபத்தைப் பிடித்துக்கொள்வோம்: பலி ஒரே தரம் செலுத்தப்பட்டாயிற்று, அதோடு சேர்க்க ஒன்றுமில்லை. கொலோசெயர் வசனத்தில் குறைவானது என்பது, நற்செய்தியைக் கொண்டுபோகிறவன் படவேண்டிய மீதிப் பாடு என்று விளக்குவோம். இந்த வித்தியாசம் உண்மையானது, நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அம்மாவின் கட்டிலருகே பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு: மீட்பின் விலையைக் கிறிஸ்து கொடுத்தாயிற்று. ஆகவே நான் சொல்வேன், அம்மாவின் வலி எந்தக் கடனையும் அடைக்கவில்லை. யாருக்காகவும் அவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் சீமையில் வலிக்கும் வேண்டுதலுக்கும் பழைய உறவு. அலகு குத்துவதும் பூக்குழி இறங்குவதும் நேர்த்திக்கடன். கடன் என்ற சொல்லே அதில் இருக்கிறது. அந்த பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, அதன் உள்ளர்த்தத்தை அதைச் செய்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். கிறிஸ்தவ வீட்டுக்குள் அந்தக் கணக்கு நுழையும்போதுதான் சிக்கல். நான் இவ்வளவு வலி தாங்கினால் கடவுள் பையனுக்கு வேலை தருவார் என்று வலி மாத்திரையை வேண்டாம் என்ற பெண்ணை ஒரு வார்டில் பார்த்தேன். மாத்திரையைப் போடுங்கம்மா, அவர் கணக்கு எழுதவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் நர்ஸ் அதட்டித்தான் போடவைத்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி அழுதுகொண்டு வருகிறவளிடம், "அது உன் சிலுவை, சுமந்துக்கோ" என்று சொல்லும் வழக்கம் நம் சபைகளில் இன்னும் போகவில்லை. பேதுருவின் வசனத்தையே அதற்குச் சாட்சி கூப்பிடுவார்கள். பலி என்றால் தானாகக் கொடுப்பது. என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்று யோவான் 10-இல் இருக்கிறது. ஒருவன் இன்னொருத்தியிடமிருந்து பிடுங்குவது பலி ஆகாது.

அப்படியானால் பாடுகளில் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதைத் திட்டமிட்டு வாங்க முடியாது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். ஜெபம் செய்ய அங்கே ஆட்களுக்குப் பஞ்சமா? அந்தப் படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் வழக்கமான கல்லறைக் கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல் தொட்டி ஒன்றுதான், அதில் "அம்மா" என்று பொறித்திருக்கிறது. கடவுள் அவரை அதற்காகத்தான் விழவைத்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விழுந்த இடத்திலும் அவர் பயன்படாமல் போகவில்லை என்று மட்டும் சொல்வேன். கரையிருப்பில் பிறந்த நம் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலும் பாருங்கள், சிலுவையடியில் பயணியின் முதுகுச் சுமை அவிழ்ந்து விழுகிறது, பயணம் முடிவதில்லை. மேடும் பள்ளமும் அதற்குப் பிறகுதான் அதிகம்.

ஜெபக்குழுவினர் வந்தால் தடுக்க வேண்டாம். சுகத்துக்காகக் கேட்கட்டும், நானும் கேட்பேன். அம்மா அசந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். வசனத்தைச் சத்தமாக அறிக்கையிடச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தினால், மகனாக நீங்கள் குறுக்கே வரலாம். அம்மாவுக்கு அழவேண்டும்போல் இருந்தால் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது.

திருவிருந்து விஷயம். தாராளமாக எடுக்கலாம். அந்தியோக்கியா இக்னாத்தியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த அப்பத்தைச் சாவாமையின் மருந்து என்று அழைத்தார். உங்கள் சேகரத்து ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வாய்ப்புண்ணில் திராட்சரசம் பட்டால் எரியும். அப்பம் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. துண்டு பெரிதாக இருந்தால் தொண்டையில் ஒட்டும், பொடிசாகக் கிள்ளித் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கட்டும். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் எல்லாரும் குடிக்கிற ஒரே பாத்திரம் வேண்டாம், எந்த நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒன்றுமே விழுங்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. 1662-இன் ஆங்கிலிக்க ஜெபப்புத்தகத்தில் நோயாளிகளுக்கான திருவிருந்து முறைமையிலேயே அதற்கு ஒரு குறிப்பு உண்டு: வாயால் வாங்க முடியாத நிலையில், மனந்திரும்பி விசுவாசத்தோடு நன்றி சொல்கிறவர் உண்மையிலேயே புசித்துப் பானம்பண்ணுகிறார் என்று. ஐயர் வந்ததும் அந்தக் குறிப்பை அம்மா காதில் விழும்படி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.